‘புரிஞ்சுது’ என்றால் நம்பாத ரஞ்சிதம்

ரஞ்சிதத்திடம் யாராவது “புரிஞ்சுது” என்று சொன்னால் அவள் லேசில் நம்பிவிட மாட்டாள். சிங்கப்பூரின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், உள்ளே நுழைந்ததும் எதிரே தெரியும் விசாரணைக் கவுண்டரில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்து அவள் சம்பாதித்த ஞானம் அது. வந்த புதிதில் எல்லோரையும் போல அவளும் நம்பிக்கொண்டுதான் இருந்தாள். எக்ஸ்ரே எடுக்க வந்த ஒரு பெரியவரிடம், “நேராப் போயி, லிஃப்ட் எடுத்து, ரெண்டாவது மாடியில இடது பக்கம்” என்று கடகடவென்று சொன்னாள். அவரும் “புரிஞ்சுதும்மா, ரொம்ப தேங்க்ஸ்” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். முக்கால் மணி நேரம் கழித்து அவள் டீ குடிக்க வெளியே வந்தபோது, அவர் டாக்ஸி ஸ்டாண்டில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கே போவதென்று தெரியவில்லை. சொன்னவளிடமே மறுபடி போய்க் கேட்கவும் கூச்சம்.

அன்றிலிருந்து வழி சொல்லி முடித்ததும் அவள் ஒரு வேலை செய்வாள். “இப்ப எங்க போகப் போறீங்க? கை காட்டுங்க” என்பாள். பாதிப் பேர் கழிப்பறைப் பக்கம் கை காட்டுவார்கள். ரஞ்சிதம் சிரிக்காமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். பின்னால் வரிசை நீளும். பக்கத்து நாற்காலியில் இருக்கும் ஆஸ்மா முழங்கையால் இடிப்பாள். ரஞ்சிதம் கண்டுகொள்ள மாட்டாள். நாற்பத்து மூன்று வயது, ஐந்தடிக்கும் குறைவான உயரம், பிடிவாதம் மட்டும் ஆறடி.

இப்படிப்பட்டவள் கணினி உலகத்துக்குள் காலெடுத்து வைக்கக் காரணம் ஒரு கிரைண்டர். நான்கு வருடத்துக்கு முன் வாம்போவில் இருக்கும் தன் வீட்டுச் சமையலறையைப் புதுப்பித்தபோது, கிரைண்டர் வைக்க இடமே இல்லை என்று காண்டிராக்டர் கையை விரித்துவிட்டார். “இடம் இருக்கு, நான் வரைஞ்சு காட்டறேன்” என்று அவள் வீம்புக்குச் சொல்லிவிட்டாள். வரைவதற்கு எதையாவது தேடப்போய்க் கிடைத்ததுதான் ‘பிளம்ப்’. அறை, கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அளவு பிசகாமல் வரைந்து தரும் மென்பொருள். பல நாடுகளில் இருக்கும் முப்பது நாற்பது பேர் சம்பளம் வாங்காமல் சேர்ந்து எழுதியது. இலவசம். உள்ளே எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். எல்லாம் நல்லதுதான், ஆனால் அதைக் கணினியில் இறக்குவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இணையப் பக்கத்தில் பதினொரு கோப்புகள் வரிசையாக நின்றன. எது யாருக்கு என்று ஒரு வார்த்தை இல்லை. அதற்கு மேலே, பச்சை நிறத்தில் பெரிதாக, ‘எங்களுடன் சேருங்கள்’ என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் மென்பொருள் எழுதத் தெரியுமா என்று விசாரித்தது.

மூன்று நாள் மல்லுக்கட்டிய பிறகு, அங்கே ‘தமிழ்க் கேள்வி மூலை’ என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்து, அதில் பொரிந்து தள்ளினாள். ஏழே நிமிடத்தில் பதில் வந்தது: ‘எல்லாம் கையேட்டில் இருக்கிறது.’

அவள் திருப்பி எழுதினாள்: ‘கையேடு எங்கே இருக்கிறது என்பதும் கையேட்டில்தான் இருக்கிறதா?’

பதில் போட்டவர் பரமசிவம். பிளம்ப்பை முதன்முதலில் எழுதியவரே அவர்தான். திருச்சிக்காரர், கட்டடப் பொறியாளர், வேலைக்காகச் சிங்கப்பூருக்கு வந்து இருபது வருடமாகிறது. வயது ஐம்பத்தாறு. தங்கமான மனிதர். ஆனால் தான் எழுதும் மென்பொருளைப் போலவே மனிதர்களும் சொன்னபடி நடந்துகொள்வார்கள் என்று நம்புகிறவர். அவளுடைய பதிலைப் படித்து அவர் கோபித்துக்கொள்ளவில்லை. விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, தமிழ் உதவிப் பக்கங்களைத் திருத்தும் உரிமையை அவளுக்கே கொடுத்து, ‘அப்போ நீங்களே எழுதுங்கம்மா’ என்று சொல்லிவிட்டார். அவளும் எழுதினாள். கிரைண்டருக்கும் இடம் கிடைத்தது.

அதற்குப் பிறகு அவளால் அதை விட முடியவில்லை. வேலை முடிந்து பஸ்ஸில் நின்றுகொண்டே கேள்வி மூலையைத் திறப்பாள். கேட்பவர்களில் பெரும்பாலோர் கட்டுமானத் தளங்களில் வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். அவர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமைகளில் சூப்பர்வைசர் கோர்ஸ் படித்தார்கள், அங்கே வாத்தியாருக்குப் படம் வரைந்து காட்ட வேண்டியிருந்தது. விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் அவர்களுக்குக் கட்டுபடியாகாது. ‘ரஞ்சிதம் அக்கா’ என்று அவர்கள் கூப்பிட்டால் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதி, கேட்டவர் நன்றி சொன்னதும், அதன் பக்கத்தில் ‘தீர்ந்தது’ என்று ஒரு பச்சை டிக் போடுவாள். நான்கு வருடத்தில் அறுநூறு டிக் சேர்ந்திருந்தன. “கவுண்டர் வீட்டுக்கும் வந்துருச்சு” என்று அவள் கணவர் அலுத்துக்கொள்வார். அவளுக்கு அதுவும் பெருமையாகவே இருக்கும்.

இந்த ஜனவரியில், பொங்கலுக்கு முந்தின வாரம், பரமசிவம் போன் செய்தார். குரலில் குஷி.

“ரஞ்சிதம், நல்ல சேதி. எல்லா மொழியிலயும் தமிழ்ப் பக்கம்தான் ஃபர்ஸ்ட்டு!”

“என்னா லா அண்ணே ஃபர்ஸ்ட்டு?” சிங்கப்பூர்க்காரர்களின் ‘லா’ அவள் பேச்சிலும் ஒட்டிக்கொண்டே வரும்.

ஒவ்வொரு உதவிப் பக்கத்தின் அடியிலும் ‘இந்தப் பக்கம் உதவியாக இருந்ததா? ஆம், இல்லை’ என்று இரண்டு பொத்தான்கள் உண்டு. ஒரு வருடக் கணக்கைப் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மன்காரர்களில் நூற்றுக்கு அறுபது பேர்தான் ‘ஆம்’ சொல்லியிருந்தார்கள். தமிழில் தொண்ணூற்றெட்டுப் பேர்.

“அதனால கமிட்டியில பேசிட்டோம்மா” என்றார் பரமசிவம். “பக்கமே இவ்வளவு நல்லா இருக்கும்போது கேள்வி மூலை எதுக்கு? இந்த மாசக் கடைசியோட மூடிடலாம்னு முடிவு. அதுக்கு மேல கேள்வி இருந்தா டெவலப்பர்ஸ் பக்கத்துல இங்கிலீஷ்ல போடட்டும். நீங்களும் பாவம், நாலு வருஷமா ஓய்வே இல்லாம எழுதுறீங்க.”

பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்த ரஞ்சிதம், வந்த பஸ்ஸில் ஏறாமல் விட்டுவிட்டாள். ஒரு கையால் பாராட்டுப் பத்திரத்தைக் கொடுத்து, மறு கையால் வாசலைக் காட்டியது போலிருந்தது. தன்னைப் போகச் சொன்னதைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். இனிமேல் அந்தத் தொழிலாளர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்? இங்கிலீஷில் எழுதத் தெரிந்தால் அவர்கள் ஏன் அவளிடம் வரப்போகிறார்கள்?

“அண்ணே, நம்ம ஆளுங்க ‘இல்லை’ன்னு அமுக்க மாட்டாங்க.”

“ஏம்மா? அது வெறும் பட்டன். அதுகிட்ட என்ன மரியாதை வேண்டிக்கிடக்கு?”

“பட்டனுக்குப் பின்னால யாரோ ஒரு சாரு, ஒரு அக்கா இருக்காங்கன்னு அவங்களுக்குத் தெரியும் லா. ஓசியில செஞ்சு குடுத்தவங்க மூஞ்சியைப் பார்த்து எப்படி இல்லைன்னு சொல்லுவாங்க?”

“டேட்டா வேற மாதிரி சொல்லுதே.”

“அப்ப ஞாயித்துக்கிழமை தேக்கா பக்கம் வாங்க. டேட்டாவை நேர்லயே காட்டறேன். ஆனா ஒரு கண்டிஷன். வர்றவங்க முன்னால நீங்க வாயைத் திறக்கக் கூடாது.”

ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழர்கள் கூடும் தேக்காவில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், செல்வராஜ் என்பவர் நடத்தும் சின்ன சாப்பாட்டுக் கடையின் மாடியை அவள் பேசி வைத்திருந்தாள். பரமசிவம் சீக்கிரமே வந்து சாப்பாடு ஆர்டர் செய்துவிட்டார். அவர் சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் ரஞ்சிதம் லேப்டாப்போடு மாடியேறினாள். செல்வராஜ் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, “சாப்பாடு எப்படி சார்?” என்று கேட்டார்.

“பிரமாதம்ங்க” என்றார் பரமசிவம்.

செல்வராஜ் முகம் மலர்ந்து கீழே இறங்கிப் போனார். ரஞ்சிதம் இலையைப் பார்த்தாள். சாம்பார் ஊற்றிய சோறு அப்படியே ஓரமாக ஒதுங்கியிருந்தது.

“உண்மையைச் சொல்லுங்கண்ணே, சாம்பார் எப்படி?”

“உப்புக் கடல்மா. வாயில வெக்க முடியல.”

“பின்ன?”

“பாவம், அவ்வளவு ஆசையா வந்து கேக்குறாரு...”

“ஆம்னு அமுக்கிட்டீங்க.”

பரமசிவம் ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். “அது வேற, இது வேற” என்று முணுமுணுத்தார். ஆனால் குரலில் பழைய தெம்பு இல்லை.

நான்கு பேரை ரஞ்சிதம் வரச் சொல்லியிருந்தாள். எல்லோரும் கேள்வி மூலையில் பழக்கமானவர்கள், முகம் பார்ப்பது இதுதான் முதல் தடவை. முதல் மூன்று பேரிடமும் அவள் ஒரே வேலையைத்தான் கொடுத்தாள்: யாரையும் கேட்காமல், பக்கத்தை மட்டும் பார்த்து, இந்தப் புது லேப்டாப்பில் பிளம்ப்பை இறக்கிக் காட்ட வேண்டும். முதல் ஆள் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டு, “சார், வேலைக்கு ஆள் எடுக்கிறீங்களா?” என்று பவ்யமாகக் கேட்டார். பரமசிவம் வாயைத் திறக்கப் போனார். மேஜைக்கு அடியில் ரஞ்சிதம் அவர் காலை மிதித்தாள். இரண்டாவது ஆள் பதினொரு கோப்புகளில் முதலாவதை இறக்கினார். அது திறக்கவில்லை. மூன்றாவது ஆள் பன்னிரண்டு நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூன்று பேரும் தனித்தனியாகச் சொன்னது ஒன்றேதான்: “நல்லா இருக்கு சார். ரொம்ப ஈசியா இருக்கு.”

பரமசிவம் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ரஞ்சிதத்துக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். பக்கம் மட்டும் போதாது என்று காட்டியாயிற்று. இனி கேள்வி மூலையின் அருமையைக் காட்ட வேண்டும். அதற்காகத்தான் அழகர்சாமியைக் கடைசியாக வைத்திருந்தாள்.

“இவரைப் பாருங்கண்ணே” என்றாள். “வரைஞ்சதை அளவு மாறாமப் பேப்பர்ல எடுக்கிறது எப்படின்னு என்கிட்ட மூணு தடவை கேட்டாரு. சொல்லிக் குடுத்தேன். ‘புரிஞ்சுது, ரொம்ப நன்றி அக்கா’ன்னு எழுதினாரு. அக்டோபர்லயே தீர்ந்துருச்சு. ஆளு உக்காந்து பதில் சொன்னா எப்படி இருக்கும்னு இப்பப் பாருங்க.”

அழகர்சாமிக்கு முப்பத்து மூன்று வயது. அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், பொங்கோலில் ஒரு கட்டடத் தளத்தில் வேலை. அக்காவை முதல்முறை பார்க்கப் போகிறோம் என்று இஸ்திரி போட்ட சட்டையும், ஒரு பை ஆரஞ்சுப் பழமுமாக வந்திருந்தார். தன்னுடைய பழைய லேப்டாப்பைத் திறந்து, தான் வரைந்த குளியலறைப் படத்தைக் காட்டினார். ஒவ்வொரு கோடும் சுத்தமாக இருந்தது. பரமசிவமே தலையை ஆட்டி ரசித்தார்.

பேப்பரில் எடுப்பதற்கான சாளரம் திறந்தது. அழகர்சாமி அதை மேலும் கீழும் பார்த்தார். அம்புக்குறி ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு அலைந்தது. அவர் கழுத்தில் வியர்வை இறங்கியது. கடைசியில் ஏதோ ஒரு தீர்மானத்துக்கு வந்தவர் போல ‘சரி’யை அழுத்தினார். அச்சாகப் போகும் தாள் திரையில் வந்தது, படம் அதில் சுருங்கிப்போய் இருந்தது.

“வந்துருச்சுக்கா” என்று சிரித்தார்.

ரஞ்சிதத்துக்கு ஒன்றும் ஓடவில்லை. “கீழ ‘தாளுக்கேற்பச் சுருக்கு’ன்னு உள்ள பெட்டியில டிக்கை எடுத்துடுங்கன்னு எழுதினேனே அழகர்?”

“என் லேப்டாப்புல அந்தப் பெட்டி இல்லக்கா. பழசு, அதனாலதான்னு விட்டுட்டேன்.”

அவள் குனிந்து பார்த்தாள். பெட்டி இல்லைதான். இருந்த இடத்தில் எறும்பு அளவுக்கு ஒரு சின்ன முக்கோணம் மட்டும் இருந்தது. அதை அழுத்தினால்தான் பெட்டி விரியும். நான்கு வருடத்துக்கு முன் கிரைண்டருக்காக அவள் அதை ஒருமுறை விரித்தது. அவளுடைய கணினியில் அது அன்றிலிருந்து விரிந்தேதான் இருந்தது. முக்கோணம் ஒன்று இருப்பதையே அவள் மறந்துபோயிருந்தாள்.

“அப்புறம் ஏன் புரிஞ்சுதுன்னு எழுதினீங்க?”

அழகர்சாமி லேப்டாப் விளிம்பைத் தடவினார். “மூணு தடவை கேட்டாச்சுக்கா. வேலை முடிஞ்சு வந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டே எழுதுறேன்னு ஒரு தடவை சொன்னீங்க. நாலாவது தடவையும் கேட்டா, என்னடா இவன்னு நெனப்பீங்கல்ல.”

“அந்தப் படத்தை கோர்ஸ்ல குடுத்தீங்களா?”

“குடுத்தேன்க்கா. வாத்தியாரு ஸ்கேல் வெச்சுப் பார்த்தாரு. மூணடிக் கதவு ரெண்டரை அடிகூட வரல. ஃபெயில்னுட்டாரு.” அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவரே பதறிவிட்டார். “பரவால்லக்கா! அடுத்த மாசம் இன்னொரு சான்ஸ் இருக்கு. அதுலயும் போச்சுன்னாதான் சூப்பர்வைசர் வேலையை வேற ஆளுக்குக் குடுப்பாங்க. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க.”

தேர்வில் தோற்றவர் அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். ரஞ்சிதத்துக்கு அவமானமாக இருந்தது; அதைவிட, துக்கமாக இருந்தது. டாக்ஸி ஸ்டாண்டுப் பெரியவர் ஞாபகம் வந்தது. கவுண்டரில் ஒரு ஆளைக்கூட கை காட்டாமல் விடாதவள், பஸ்ஸில் நின்றுகொண்டு, ஒரு நன்றியைப் பார்த்ததும் பச்சை டிக் போட்டுவிட்டுத் திருப்தியாக வீட்டுக்குப் போயிருக்கிறாள். அறுநூறு டிக். அதில் எத்தனை பேர் இன்னும் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ?

“தப்பு என்னோடது” என்றாள்.

“இல்லம்மா” என்றார் பரமசிவம். நிபந்தனையை மீறி அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். “அந்தப் பெட்டியை மடிச்சு ஒளிச்சு வெச்சவன் நான். ஸ்கிரீன் பார்க்க அழகா இருக்கட்டும்னு. மன்னிச்சுக்கங்க தம்பி.”

“ஐயோ சார், என்ன சார் நீங்க போயி...” என்று அழகர்சாமி எழுந்தே நின்றுவிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் ஆளுக்கு ஒரு ஆரஞ்சை எடுத்துக் கொடுத்தார்.

அந்த மேஜையிலேயே உட்கார்ந்து பரமசிவம் கமிட்டிக்கு எழுதினார். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் சொன்ன ‘ஆம்’ பக்கத்துக்குக் கிடைத்த மதிப்பெண் அல்ல, நம் மேல் அவர்கள் காட்டிய மரியாதை, அதை நம்பிக் கேள்வி மூலையை மூடினால் பாவம் என்று எழுதினார். கேள்வி மூலை பிழைத்தது. பதினொரு கோப்புகளும் பின்னால் போய், முன்னால் ஒரே ஒரு பொத்தான் நின்றது. முக்கோணம் ஒழிந்தது, பெட்டி எப்போதும் விரிந்தே இருக்கும்படி அவரே மாற்றினார். திரை முன்னைப் போல அழகாக இல்லை என்று அவருக்கு இன்னும் ஒரு சின்ன வருத்தம் உண்டு.

ரஞ்சிதம் தன் பங்குக்கு ‘ஆம், இல்லை’ இரண்டையும் தூக்கி எறிந்தாள். உதவிப் பக்கம் முழுவதும் படம் படமாகப் போட்டு, அடியில் ஒரே ஒரு கேள்வி வைத்தாள்: ‘நீங்கள் எந்தப் படம் வரை வந்தீர்கள்?’ ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள். கை காட்டச் சொல்வது போலத்தான். படங்களைத் தன் கணினியில் எடுக்கவில்லை. பிளம்ப்பையே பார்த்திராத ஆஸ்மாவின் லேப்டாப்பைக் கடன் வாங்கி எடுத்தாள். அறுநூறு பச்சை டிக்கையும் நீக்கிவிட்டு, வாரத்துக்கு நாற்பது பேராக எல்லோருக்கும் மறுபடி எழுத ஆரம்பித்தாள். அவள் கணவர் இந்தத் தடவை அலுத்துக்கொள்ளவில்லை, இரவுச் சாப்பாட்டைத் தானே செய்துவிட்டார்.

முதல் கடிதம் அழகர்சாமிக்குத்தான் போனது. ‘புதுப் பக்கத்தைப் பார்த்துச் செய்யுங்கள். நன்றி சொன்னால் எனக்குக் கோபம் வரும்’ என்று எழுதினாள். ஒரு நாள் போனது. இரண்டு நாள் போனது. தேர்வுக்குப் பதினாறு நாள்தான் இருந்தது. மறுபடியும் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டுவிட்டாரோ என்று அவளுக்கு வேலையே ஓடவில்லை.

மூன்றாம் நாள், கவுண்டரில் கூட்டம் குறைந்த நேரத்தில், போன் சிணுங்கியது.

‘அக்கா, கோவிச்சுக்காதீங்க. புரியல. மூணாவது படம் வரைக்கும் வந்துட்டேன், அதுக்கு மேல எதை அமுக்கணும்னு தெரியல.’

ரஞ்சிதம் நாற்காலியை விட்டு எழுந்தாள். எதிரே வழி கேட்க நின்ற அம்மாள் பயந்து ஓரடி பின்னால் போனார்.

“என்னா லா, லாட்டரியா?” என்றாள் ஆஸ்மா.

“ஒருத்தருக்குப் புரியல லா!” என்றாள் ரஞ்சிதம். கண் நிறைந்துவிட்டது.

மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே ஒரு படம் விட்டுப்போயிருந்தது. அன்று மாலையே சேர்த்தாள். பிப்ரவரியில் வாத்தியார் ஸ்கேலை வைத்துப் பார்த்தபோது மூன்றடிக் கதவு மூன்றடியாகவே இருந்தது. அழகர்சாமி சூப்பர்வைசர் ஹெல்மெட்டோடு படம் எடுத்து அனுப்பினார். கீழே நன்றி நன்றி என்று ஏழெட்டுத் தடவை எழுதியிருந்தார். ரஞ்சிதம் கோபித்துக்கொள்ளவில்லை. அதைக் கணவரிடமும் பரமசிவத்திடமும் ஆஸ்மாவிடமும் காட்டிச் சந்தோஷப்பட்டாள்.

ஆனால் அவள் காகிதத்தில் எடுத்துக் கவுண்டரில் தன் பக்கமாக ஒட்டி வைத்திருப்பது அந்தப் படத்தை அல்ல. ‘அக்கா, கோவிச்சுக்காதீங்க. புரியல’ என்பதைத்தான். அந்த வார்த்தையை ஒருவர் வாயிலிருந்து வாங்க அவளுக்கு நான்கு வருடம் ஆயிற்று.